வலைத்தொப்பிக்குள் அடங்காத வேண்டுதல்

குணாளன் அண்ணனுக்கு நடு முதுகுவரை முடி. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பலருக்கே அவ்வளவு இல்லை. அதுவும் படிந்து கிடக்கிற முடியல்ல, சுருட்டை. பனிமூட்டம் இறங்கும் நாட்களில் தானாக எழுந்து பக்கவாட்டில் பரவும். அவர் கொழுந்து லோரியை ஓட்டிக்கொண்டு வளைவில் திரும்பும்போது, கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கருப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு. எங்கள் வரிசையில் மூன்றாவது லைன் வீடு அவருடையது, நான்காவது எங்களுடையது. பதினேழு வயதில் பேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். எட்டு வருடம் பச்சைக் கொழுந்தைப் பரப்புவதும் கிளறுவதுமாகப் போனது. பிறகு லைசென்ஸ் எடுத்து லோரிக்கு மாறினார். லோரி கைக்கு வந்த மறு வருடம்தான் கீழே லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் வெள்ளச் சேறு புகுந்தது. மூன்று நாள் அவர் கொழுந்து ஏற்றவில்லை. அங்கிருந்து மெத்தைகளையும் பானை சட்டிகளையும் நனைந்த கிழவர்களையும் ஏற்றி மேலே கொண்டுவந்தார். தோட்டத்துத் துரையிடம் கேட்டுத்தான் லோரியை எடுத்தீர்களா என்று யாராவது கேட்டால், "கேட்டேன்லா. அவரு வீட்டப் பாத்து, தூரத்துல இருந்து கேட்டேன்" என்பார்.

முடி வளர்ந்த கதை வேறு. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மனைவி யோகேஸ்வரி அக்காவுக்குப் பித்தப்பையில் சீழ் வைத்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தார். ஒன்பதாம் நாள் டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இவர் நடைபாதைக்கு வந்து, சுவரில் தலையை வைத்து, இவள் நடந்து வீட்டுக்கு வந்தால் மூன்றாம் தைப்பூசம்வரை தலையில் கத்திரி படாது, அன்றைக்கு முழுசாக உனக்குத் தருகிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டார். எந்த முருகன் என்றும் தெளிவாகச் சொன்னாராம். "பிரிஞ்சாங் முருகன்தான். தெனமும் என் லோரி அவரத் தாண்டித்தான் போவுது. ஆள் தெரியும்."

அக்கா நடந்தே வந்தார். இப்போது பேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் அவர்தான் மூத்த கை. "நான் பொழைச்சது டாக்டராலயா, இந்தப் புதராலயான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல" என்று கணவரின் தலையைக் காட்டிச் சொல்வார். குணாளன் அண்ணன் சிரிக்கமாட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் சிரிப்பார், அதற்கு மட்டும் மாட்டார்.

போன நவம்பர் கடைசியில் சிக்கல் வந்தது. பேக்டரிக்கு உணவுச் சுத்தச் சான்றிதழ் வாங்க ஆடிட் வரப்போகிறது. புதிதாக வந்த அசிஸ்டண்ட் மேனேஜர் மகேன் எல்லோருக்கும் வெள்ளை வலைத்தொப்பி கொடுத்தார். கொழுந்து இறக்கும் கூடத்துக்குள் காலடி வைக்கிற எவருக்கும் ஒரு முடிகூட வெளியே தெரியக்கூடாது. லோரிக்காரரும் உள்ளே வந்து மூட்டையைக் கொட்டுவதுதான் எங்கள் வழக்கம். குணாளன் அண்ணன் தொப்பியை மாட்டினார். நெற்றிப் பக்கம் இழுத்தால் பின்னால் பிதுங்கியது, பின்னால் இழுத்தால் காதுப் பக்கம் வந்தது. கொண்டை போட்டுப் பார்த்தார். தொப்பி கொண்டைக்குச் சரியாக இருந்தது, தலைக்கு மிச்சமில்லை.

"உள்ள போவணும்ணே, எல்லாமே" என்றார் மகேன்.

"போயிருச்சு சார்."

"போவல. எட்டிப் பாக்குது."

"அது காத்து வாங்குது சார், வந்துரும்."

மகேன் நல்ல பையன்தான். வேண்டுதல் என்று தெரிந்து, வெட்டச் சொல்லவில்லை. ஆனால் ஆடிட் அன்றைக்கு அடங்கவில்லையென்றால் தைப்பூசம்வரை மருந்தடிக்கிற வேலைக்குப் போங்கள், லோரியை வேறு ஆள் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் தோட்டத்தில் லோரியிலிருந்து இறக்கப்பட்ட ஒருவர் மறுபடி ஏறியதை யாரும் பார்த்ததில்லை. ஆடிட்டுக்குப் பதினைந்து நாள் இருந்தது. தைப்பூசத்துக்கு ஐம்பத்தாறு நாள்.

அன்று மாலை தொப்பியும் கையுமாக என்னிடம் வந்தார். நான் எங்கள் வரிசையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பினாங்கில் உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டே, பேக்டரியில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேயிலை எப்படித் தயாராகிறது என்று விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"புனிதா, நீ ஒரு இடுக்கி வச்சிருக்கல்ல, முடிய நேராக்குறது. நேரானா தொப்பிக்குள்ள படிஞ்சிரும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது முடியக் கருக்குமா? இது என் முடி இல்ல. சாமி பொருளு. என்கிட்ட இருக்கு, அவ்ளோதான்."

அவருக்குப் பின்னால் வந்து நின்ற யோகேஸ்வரி அக்கா, "கருக்குமா கருக்காதான்னு எதுக்கு ஆராய்ச்சி? ரெண்டு பின்னல் போட்டுச் சுத்திவிட்டா முடிஞ்சுது" என்றார்.

"ஆம்பளைக்குப் பின்னலா?"

"முதுகு வரைக்கும் தொங்குறப்போ ஆம்பள தெரியல. பின்னுனாத்தான் தெரியுதோ."

"நீ சும்மா இரு. படிச்ச பொண்ணுகிட்ட கேக்குறேன்."

படித்த பெண் என்ற சொல்லில் எனக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். ஆறு மாதமாக யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. முடியில் இருக்கும் புரதத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சூடு நூற்றெண்பதைத் தாண்டக்கூடாது, ஒரே இடத்தில் இரண்டு முறை இழுக்கக்கூடாது, இப்படிச் செய்தால் பெரிய சேதம் வராது என்றேன். சொன்னதில் தவறில்லை, நான் படித்ததுதான். மூன்று வருடம் விடுதியில் அதே இடுக்கியால் நான் முடியை இழுத்திருக்கிறேன். எதற்கு என்று யோசித்ததில்லை. அறைத் தோழிகள் இழுத்தார்கள், நானும் இழுத்தேன். என் முடியின் நுனி இப்போது எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. காலை ஐந்தரைக்கு முன்பக்கத்தை அண்ணன் இழுப்பார், பின்பக்கத்தை அக்கா இழுப்பார். நேராகிவிட்ட முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்தால் அடங்கிவிட்டது. மற்றொரு லோரிக்காரர் வசந்தனுக்கு அந்த வாரம் முழுக்கத் தீபாவளி.

"குணா, கொஞ்சம் திரும்பி முடிய ஆட்டிக் காட்டு. ஷாம்பு விளம்பரத்துக்கு ஆள் தேடுறாங்களாம்."

"உனக்கு இருந்தா நீயும் ஆட்டலாம். வழுக்கைக்கு ஆள் தேடுனா சொல்லி அனுப்புறேன்."

ஆனால் மலையில் பதினோரு மணிக்குமேல் பனி இறங்கும். இறங்கியதும் நேராக்கின முடி ஒவ்வொன்றாகப் பழைய புத்தியைக் காட்டும். மதியச் சுமையை இறக்க வரும்போது வலைத்தொப்பி புளித்த மாவுபோல் மேலெழும்பி நிற்கும். மகேன் கைக்கடிகாரத்தில் தேதியைப் பார்ப்பார். அதனால் அண்ணன் என்னிடம் சொல்லாமல் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார். இருநூறு, இருநூற்றுப் பத்து, கடைசியில் இருநூற்று முப்பது. பிறகு கேட்டபோது, "மேட்டுல ஏறுறப்ப கியர் மாத்தாம எப்படிலா?" என்றார்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாக விடாத மழை. துணி எதுவும் காயவில்லை, எல்லார் வீட்டுக்குள்ளும் கொடி கட்டியிருந்தது. அண்ணன் காலையில் தலைக்குக் குளித்தார். மறுநாளுக்குத் தயாராக இருக்க வேண்டுமென்று, மாலை நாலு மணிக்கு இடுக்கியைச் சூடாக்கினார். நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"முடி காஞ்சுதாண்ணே?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"காஞ்சிருச்சு. டெஸ்ட் பண்ணியாச்சு" என்றார்.

"நானும் பாத்தேன். நல்லா இருக்கு" என்றார் அக்கா.

காதோரத்துக் கற்றையை எடுத்து இடுக்கியில் வைத்து அழுத்தினார். சுர்ரென்று சத்தம் வந்தது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. "இன்னிக்குத்தான் நல்லாப் பிடிக்குது" என்று சொல்லி இன்னும் அழுத்தினார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுவதற்குள் அவர் இடுக்கியை இழுத்துவிட்டார். இடுக்கி வந்தது. கற்றையும் அதோடு வந்தது.

ஒரு சாண் நீளம் இருக்கும். தீய்ந்த நாற்றம் வீடெல்லாம் நிறைந்தது. அக்கா எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். அண்ணன் அந்தக் கற்றையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கத்திரி படல" என்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"படல" என்றார் அக்கா.

"ஆனா முழுசாத் தரேன்னுதான் சொன்னேன், யோகா."

"அவருக்கு என்ன, வாங்கித் தலையில மாட்டிக்கவா போறாரு?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இன்னும் எவ்ளோ விழும், புனிதா?"

விளக்கை இழுத்து வைத்து அவருடைய முடியைப் பார்த்தேன். முன்பக்கத்து இழைகளில் அங்கங்கே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. உள்ளே இருந்த ஈரம் கொதித்து, இழைக்குள்ளேயே குமிழி விட்டு வெளியேறிய இடங்கள் அவை. ஒரு புள்ளியை மெல்ல வளைத்தேன், அங்கேயே ஒடிந்தது. இதைப் படத்தில் பார்த்து, தேர்வில் எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

"எப்படிண்ணே டெஸ்ட் பண்ணீங்க?"

அவர் மிச்சமிருந்த முடியை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, இறுக்கிப் பிடித்தார். பிறகு விரலை விரித்தார். முடி உருண்டையாகவே நின்று மெல்ல மெல்லப் பிரிந்தது.

"பாரு. எந்திரிக்காம அப்படியே நிக்குதுல்ல. வாடிருச்சு."

அக்காவும் குனிந்து பார்த்து, "ஆமா, சரியான வாட்டம்" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொழுந்து வாடிவிட்டதா என்று பார்க்கிற முறை அது. பச்சைக் கொழுந்தைப் பிடித்து விட்டால் துள்ளி விரியும். வாடியது உருண்டையாக நிற்கும். வாடியதில்கூடப் பாதிக்குமேல் தண்ணீர் இருக்கும். இதைத் தினமும் நாலு முறை, ஆங்கிலத்திலும் மலாயிலும், கையில் கொழுந்தோடு சுற்றுலாக்காரர்களுக்குச் செய்து காட்டுகிறேன். முடிக்கு இது அப்படியே நேர்மாறு. காய்ந்த முடிதான் துள்ளும், உருண்டையாக நிற்பது ஈர முடி. எட்டு வருடம் வாட்டியவரும் இன்றும் வாட்டிக்கொண்டிருப்பவரும் காய்ந்தது என்ற சொல்லை வேறு எப்படிச் சோதிப்பார்கள்? காய்ந்தது என்றால் என்ன என்று நான் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

விளக்கிச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூத்த கைன்னு பேரு" என்றார் அண்ணன்.

"நீங்க மொதல்ல பிடிச்சுக் காட்டுனீங்க, நான் பாத்தேன்."

"சரி புனிதா. நாளைக்கு நல்லாக் காய வச்சு, நூத்தெண்பதுல இழுத்தா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை படித்ததைச் சொல்லத் துணிவில்லை. "நாளைக்குத் தொப்பிக்குள்ள அடங்கிரும்ணே. ஆனா தைப்பூசத்துக்கு எவ்ளோ மிஞ்சும்னு எனக்குத் தெரியல. நான் உங்ககிட்ட மொதல் நாளே என் முடியக் காட்டியிருக்கணும்." அப்போதுதான் என் பின்னலை முன்னால் இழுத்து நுனியைக் காட்டினேன். விளக்குமாற்று நுனியாக இருந்தது.

அண்ணன் அதைப் பார்த்தார். "இதுக்கா மூணு வருஷம் சுட்ட?"

"ஆமாண்ணே."

"நானாச்சும் லோரிக்காகச் சுட்டேன்."

யோகேஸ்வரி அக்கா பலகையை எடுத்துப் போட்டார். கையில் பெரிய பல் சீப்பு. "வந்து உக்காருங்க."

"வசந்தன் பாத்தான்னா கோலா தெர்லா வரைக்கும் சொல்லிருவான்லா."

"கருகுனத மட்டும் சொல்லமாட்டானா? யாருக்காக வளத்தீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காக வளத்த முடிய மூணு வருஷத்துல ஒருநாள் எங்கையில குடுத்திருக்கீங்களா? எண்ணெ வைக்கிறது நீங்க, சிக்கெடுக்கிறது நீங்க. ரெண்டு வாரமா இடுக்கி பிடிக்க மட்டும் நான்." அக்கா சீப்பைத் தொடையில் தட்டினார். "ஆஸ்பத்திரியில என் தலையப் பின்னுனது யாரு?"

"நர்சு."

"நர்சு இல்ல. எந்த நர்சு அப்படிக் கோணலாப் பின்னும்? நான் கண்ண மூடிக் கெடந்தேன், அவ்ளோதான். சிக்கு வந்தப்பல்லாம் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டது நர்சா?"

அண்ணன் கதவுப் பக்கம் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு வந்து பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, "ரிப்பன் வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சிக்கெடுத்தார்கள். பின்னியது மறுநாள் காலையில், முடி காய்ந்த பிறகு. இந்த முறை காய்ந்ததா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பிடித்து விட்டேன், துள்ளியது. அக்கா வகிடெடுத்து, தலையோடு ஒட்டி இரண்டு பின்னல் போட்டு, ஒன்றை இடமும் ஒன்றை வலமுமாகச் சுற்றி ஊசி குத்தினார். தொப்பியை மாட்டியதும் அது தலையில் பனியன்போல் படிந்தது. அண்ணன் கண்ணாடியைக் கேட்கவில்லை. அக்காவாக நீட்டியபோது ஒரு கண்ணால் பார்த்தார்.

பேக்டரியில் சுற்றுலாக்காரர்கள் நிற்கும் மேல்மாடத்திலிருந்து கண்ணாடி வழியாகக் கீழே கொழுந்து இறக்கும் கூடம் தெரியும். பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். முக்காடு போட்ட, உயரம் குறைந்த மலாய்ப் பெண்மணி, கையில் அட்டை. மகேன் பக்கத்தில் நடந்தார். குணாளன் அண்ணன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராக நின்றார். அந்த அம்மா அவர் முன் நின்று அண்ணாந்து பார்த்தார். உயரம் போதவில்லை. கையால் குனியச் சொன்னார். அண்ணன் குனிந்தார். அந்த அம்மா தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், ஏதோ கேட்டார். அண்ணன் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரித்து அட்டையில் எழுதிக்கொண்டு நகர்ந்தார். மகேன் திரும்பி மேலே என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற இருபது பேருக்குக் கொழுந்தைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

என்ன பேசினார்கள் என்பதற்கு அண்ணனிடம் மூன்று கதை உண்டு. முதல் கதையில் அந்த அம்மா அவருடைய முடி எவ்வளவு நீளம் என்று கேட்டார். இரண்டாவதில், இவ்வளவு ஒழுங்காகத் தொப்பி போட்ட ஆளை இந்த மலையில் பார்த்ததில்லை என்றார். வசந்தனிடம் சொன்ன மூன்றாவதில், தன் மகளுக்குப் பின்ன ஆள் கிடைக்குமா என்று கேட்டாராம். "இஸ்திரி புஞ்ஞா கெர்ஜா, புவான்னு சொல்லிட்டேன்" என்றார். மலாயில், என் மனைவியின் வேலை அம்மா என்று அர்த்தம்.

ஆடிட் முடிந்துவிட்டது. வலைத்தொப்பி முடியவில்லை, அது இனி தினமும் உண்டு. தைப்பூசத்துக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. மறுநாள் காலையிலும் பலகை போடும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"வலிக்குது யோகா."

"கருகுன எடத்த விட்டுட்டுத்தான் பின்னுறேன். ஆடாம இருங்க."

"நேத்து எடது பக்கம் இன்னும் இறுக்கமா இருந்துச்சு."

"பின்னல் வேணாம்னவருக்கு இப்ப எடம் வலம்லாம் தெரியுது."

பிரிஞ்சாங்கில் எனக்கு ஒரு வேலை இருந்தது, அண்ணன் தன் லோரியிலேயே கூட்டிப்போனார். தொப்பியைக் கழற்றி ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருந்தார். பின்னல் இரண்டும் தலையைச் சுற்றி இருந்தன. ஓரங்களில், போன வாரம் சுட்ட இழைகள் சில முள்போல் நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணெய் நிலையத்தில் டீசல் போட இறங்கினார். பக்கத்தில் காய்கறி லோரிக்காரர்கள் இருவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் மற்றவனை முழங்கையால் இடித்தான்.

"என்னண்ணே இது தலையில?" என்றான் இடித்தவன்.

குணாளன் அண்ணன் டீசல் குழாயைச் சரியாகச் செருகிவிட்டு, ஊசி ஒன்று நழுவியிருக்கிறதா என்று பின்தலையைத் தடவிப் பார்த்தார்.

"பின்னல்" என்றார். "வீட்ல பின்னி விட்டாங்க."